மூன்று கதவு அறை

அக்காவைக் கேட்காமல் அந்த வீட்டில் ஒரு ஆணிகூட அடிக்க மாட்டார்கள். இதை அவள் தம்பி எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வான். பொய்யில்லை. காலண்டரை எங்கே மாட்டுவது, சோபாவுக்கு என்ன நிறத்தில் உறை போடுவது, எல்லாம் அவளைக் கேட்டுத்தான். கேட்டுவிட்டு, அவள் வாயைத் திறப்பதற்குள் அவள் என்ன சொல்வாள் என்பதையும் அவனே சொல்லிவிடுவான். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். அதுதான் கொடுமை.

அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது. கல்யாணம் ஆகவில்லை. அம்மா இறந்தபோது அவளுக்கு இருபத்து மூன்று, தம்பிக்குப் பதின்மூன்று. அதற்குப் பிறகு அவளுக்கு வரன் பார்க்க வேண்டும் என்பது யாருக்கும் அவசரமாகத் தோன்றவில்லை. முப்பத்தைந்து ஆனபோது அது யாருக்கும் ஞாபகமே இல்லை. தம்பி படித்தான், வேலைக்குப் போனான், கல்யாணம் செய்துகொண்டான், அவனுக்கு ஒரு பெண் பிறந்து பள்ளிக்கூடமும் போகத் தொடங்கிவிட்டாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. அப்போதும் யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. அக்கா தன் பாயை எடுத்துக்கொண்டு போய் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் விரித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

அவளுக்கு வேலை குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில். ஊர் ஊராகப் பாட்டிலில் வரும் தண்ணீரைச் சோதித்து, குடிக்கலாமா கூடாதா என்று எழுதிக் கொடுப்பது. அங்கே அவள் எழுதினால் எழுதியதுதான். பெரிய அதிகாரிகூட மறு பேச்சுப் பேச மாட்டார். காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஐந்தரை வரைக்கும் அவள் வேறு ஒரு பெண் என்றே சொல்லலாம்.

அந்த அலுவலகத்துக்குத்தான் கடிதம் வந்திருந்தது. ரயிலில் எட்டு மணி நேரம் போகிற தூரத்தில், கடலோர ஊர் ஒன்றில் புதிதாக ஒரு பரிசோதனைக் கூடம் திறக்கிறார்கள். அதற்கு அவள்தான் தலைமை. தங்குவதற்கு ஒரு குவார்ட்டர்ஸ்: ஒரு அறை, ஒரு சமையலறை. இதே மாதிரி இதற்கு முன் இரண்டு முறை வந்து, இரண்டு முறையும் 'சொந்தக் காரணங்களால் இயலவில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். மூன்றாவது முறையும் அப்படி எழுதினால் பதவி உயர்வுப் பட்டியலிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள். பதில் சொல்ல ஆறு வாரம் தவணை, ஒரு திங்கட்கிழமையோடு அது முடிகிறது.

போவது என்று அவள் முடிவு செய்துவிட்டாள். பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸம்மாவிடம்கூடப் பேசி வைத்திருந்தாள். ஒன்றே ஒன்றுதான் பாக்கி, வீட்டில் சொல்ல வேண்டும். கடிதத்தை அலுவலக மேஜை டிராயரில், பாட்டில் லேபிள்களுக்கு அடியில் வைத்திருந்தாள். வீட்டில் அவளுக்கென்று ஒரு டிராயர் இருந்தது. ஆனால் சேஃப்டி பின் வேண்டுமா, தலைவலித் தைலம் வேண்டுமா, யாராக இருந்தாலும் முதலில் திறப்பது அதைத்தான்.

இந்த நேரம் பார்த்துத்தான் வீட்டுப் பேச்சு வந்தது. வாடகை வீட்டுக்காரர் தன் மகனுக்கு வீடு வேண்டும் என்று சொல்லிவிட்டார். வாங்கிப் போட்ட மனை ஒன்று சும்மா கிடந்தது. கட்டிவிடலாம் என்று தம்பி ஒரு இன்ஜினியரைப் பிடித்தான்.

அந்த இன்ஜினியர் ஒரு தனி ரகம். வந்தவுடன் எத்தனை பெட்ரூம் என்று கேட்கிற ஆள் இல்லை. வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் காலையில் எழுந்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் வீட்டுக்குள் என்னென்ன செய்கிறார்கள், எங்கிருந்து எங்கே நடக்கிறார்கள் என்று ஆளுக்கு ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். அதைப் பார்த்துத்தான் கோடு போடுவார். மனுஷன் நடக்கிற மாதிரி வீடு இருக்க வேண்டுமே தவிர, வீட்டுக்குத் தகுந்த மாதிரி மனுஷன் நடக்கக் கூடாது என்பது அவர் கட்சி. நல்ல கட்சிதான், யார் இல்லை என்றார்கள்?

அவர் தாள் வாங்க வந்த அன்றைக்கு அக்கா வேலைக்குப் போயிருந்தாள். பரவாயில்லை, அக்காவுடையதை நானே எழுதுகிறேன் என்று தம்பி உட்கார்ந்தான். தன்னுடையதை அரைப் பக்கத்தில் முடித்தவன், அவளுடையதை இரண்டு பக்கமும் எழுதினான். சாயங்காலம் அவள் வந்ததும் அதன் ஜெராக்ஸை ஆசையோடு கையில் கொடுத்தான்.

'நாலரைக்கு எழுந்திருப்பார். அப்பாவைத் திருப்பிப் படுக்க வைப்பார். நாலே முக்காலுக்கு வெந்நீர். ஐந்து மணிக்கு அப்பாவுக்குத் துடைத்துவிட்டு உடை மாற்றுவார். ஐந்து பத்துக்கு எல்லோருக்கும் டீ. அப்பாவின் மாத்திரை, சிவப்பு ஒன்று, வெள்ளை பாதி. அப்புறம் சமையல். நடுவில் அப்பா கூப்பிட்டால் போய்ப் பார்ப்பார், நான்கைந்து முறை. ஏழரைக்குப் பாப்பாவுக்குத் தலை பின்னிவிடுவார்...' இப்படியே போய், 'ஒன்பதே முக்காலுக்குப் படுப்பார். இரவு இரண்டு முறை எழுவார்' என்று முடிந்திருந்தது.

அவள் நின்றபடியே படித்தாள். எங்கேயாவது தப்பு இருக்காதா என்று தேடித் தேடிப் படித்தாள். ஒரே ஒரு தப்புத்தான் அகப்பட்டது. டீ ஐந்து பத்துக்கு இல்லை, ஐந்தே காலுக்கு.

தாளின் கடைசியில் இன்ஜினியரே அச்சடித்த கேள்வி ஒன்று இருந்தது. 'சும்மா இருக்கும் நேரத்தில் வீட்டில் எங்கே இருப்பீர்கள்?' தம்பி தனக்கு 'மொட்டை மாடி' என்று எழுதியிருந்தான். அவன் மனைவி 'ஜன்னல் ஓரம்' என்று எழுதியிருந்தாள். அக்காவுக்கு அவன் எழுதியிருந்தது 'சமையலறை'. வேண்டுமென்று எழுதவில்லை, பாவம். யோசித்துப் பார்த்துத்தான் எழுதியிருப்பான்.

இரண்டு வாரத்தில் பிளான் வந்தது. தம்பிக்கும் அவன் மனைவிக்கும் மாடியில் அறை, குழந்தைக்கு அதற்கு எதிரே. கீழே அப்பாவுக்கு வெளிச்சமான ஓர் அறை. அதை ஒட்டி அக்காவின் அறை. அந்த அறைக்கு மூன்று கதவுகள். ஒன்று அப்பாவின் அறைக்கு, ஒன்று சமையலறைக்கு, ஒன்று குளியலறைக்கு. நான்காவது பக்கம் மாடிப்படியின் சுவர். ஜன்னல் கிடையாது, மேலே காற்றுக்கு ஒரு சின்னத் திறப்பு. தெருவுக்குப் போக வேண்டுமென்றால் எப்படிப் போவது என்று அக்கா கேட்டாள். சமையலறை வழியாகத்தான், காலையில் நீங்கள் முதலில் போவது அங்கேதானே என்றார் இன்ஜினியர். கணக்குப் போட்டுப் பார்த்தாராம். இந்த வீட்டில் அவளுக்கு ஒரு நாளைக்கு அறுநூறு அடி நடை மிச்சமாம். இத்தனை வருஷத் தொழிலில் ஒரு ஆளுக்கு இவ்வளவு கச்சிதமாக ஓர் அறை அமைந்ததே இல்லை என்று மனுஷர் பூரித்துப் போனார். அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி இருந்தது அது. மூச்சு விடத்தான் இடமில்லை.

சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அவள் சொல்லாமல் இல்லை, மூன்று முறை ஆரம்பித்தாள்.

முதல் முறை சாப்பிடும்போது. தனக்கு எதற்கு இவ்வளவு ஏற்பாடு, தன்னை வைத்து வீட்டைப் போட வேண்டாமே என்றாள். தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு செய்திருக்கிறாயே, உனக்கு ஒரு ரூம்கூட நாங்கள் செய்யக் கூடாதா என்றான். சோற்றில் கையை வைத்துக்கொண்டு ஒருவன் அழுதால் அதற்கு மேல் என்ன பேச முடியும்? அவளே அவனுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

இரண்டாவது முறை, அப்பா அறைக்கும் தன் அறைக்கும் நடுவில் கதவு வேண்டாம் என்றாள். அங்கே பிடித்து மெல்ல மெல்லக் கடிதத்துக்கு வந்துவிடலாம் என்று நினைத்தாள். கதவு திறக்கிற சத்தம் தொந்தரவா, அப்படியானால் அப்பாவின் கட்டிலிலிருந்து உன் தலைமாட்டுக்கு ஒரு காலிங் பெல் வைத்துவிடலாம் என்றான் தம்பி. பிளானில் கதவும் இருந்தது, பெல்லும் சேர்ந்தது.

மூன்றாவது முறை தம்பி மனைவியிடம். அவள் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். போன வருஷம் அந்த வேலைக்குப் போகிறேன் என்று அவள் சொன்னபோது தம்பி இழுத்தான். வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன், அவள் போகட்டும் என்று மல்லுக்கு நின்று அனுப்பி வைத்தவள் அக்காதான். இரண்டு பேரும் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, "நாளைக்கு நான் இல்லைன்னு வச்சுக்கோ..." என்று அக்கா தொடங்கினாள். அவள் சட்டென்று அக்காவின் வாயைப் பொத்திவிட்டாள். கண்ணில் தண்ணீர் வேறு. செத்துப் போவதைப் பற்றிப் பேசுகிறாள் என்று நினைத்துவிட்டாள். இந்த வீட்டில் அக்கா இல்லாமல் போக வேறு வழி இருப்பதாக அவளுக்குத் தெரியவில்லை, என்ன செய்ய?

தவணை முடிகிற திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை காலை மனையில் கோடு போடுகிற வேலை. பிளானை அப்படியே தரையில், முழு அளவில், சுண்ணாம்புப் பொடியால் வரைவார்கள். அதன் மேல்தான் தோண்ட வேண்டும். குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு எல்லோரும் போனார்கள். அப்பாவும் பார்க்க வேண்டும் என்றார், காரில் கூட்டிப்போய் மனை ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மேஸ்திரி முளைக்குச்சி அடித்து நூல் கட்டி, கையால் பொடியைத் தூவிக்கொண்டே போனார். சுவர் வருகிற இடமெல்லாம் வெள்ளைக் கோடு, கதவு வருகிற இடத்தில் இடைவெளி. பத்து மணிக்குள் வீடு தரையில் படுத்திருந்தது.

அக்கா தன் அறைக்குள் போய் நின்று பார்த்தாள். மேலே இவ்வளவு பெரிய வானம். நாலாபுறமும் காலி மனைகள், தூரத்தில் ரோடு, ரோட்டில் ஒரு பஸ். ஆனாலும் அவளுக்குக் குப்பென்று வியர்த்தது. வெளியே வருவதற்காகப் படிக்கட்டுப் பக்கம் காலைத் தூக்கினாள்.

"சுவத்து மேல நடக்காதீங்கக்கா, வாசல் வழியா வாங்க" என்றார் மேஸ்திரி. விளையாட்டாகச் சொன்னார். கோடு அழிந்துவிடுமே என்ற கவலையும் இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அக்கா தூக்கிய காலைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றாள். சுண்டு விரல் உயரம்கூட இல்லாத ஒரு கோடு, அதைத் தாண்ட அவளால் முடியவில்லை.

அதற்குள் அவள் அறை ஒரு சந்து ஆகிவிட்டது. தம்பி அப்பாவிடம் எதையோ காட்டுவதற்காக அவளைக் கடந்து போனான், திரும்பி வந்தான். அவன் மனைவி சமையலறையில் பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றி, அவள் அறை வழியாக அப்பாவுக்குக் கொண்டுபோனாள், காலி டம்ளரோடு அதே வழியாக வந்தாள். மேஸ்திரி டேப்பைப் பிடித்துக்கொண்டு குறுக்கே போனார். வழியில் நிற்கிறோமே என்று ஒதுங்கி ஒதுங்கி அவள் படிச்சுவர் மூலைக்கு வந்து சேர்ந்தாள். வீடு கட்டுவதற்கு முன்னாலேயே இப்படி. சுவர் எழும்பிவிட்டால் தன் கதை முடிந்தது என்று அவளுக்குத் தெரிந்தது. திங்கட்கிழமை தன் கை எதை எழுதும் என்றும் தெரிந்தது.

மேஸ்திரி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வந்தார். பெல் பாயிண்ட் வைக்க வேண்டும், தலை எந்தப் பக்கம் வைத்துப் படுப்பீர்கள் என்று கேட்டார்.

"அக்கா அப்பா பக்கம்தான் தலை வச்சுப் படுப்பாங்க" என்றான் தம்பி.

"நான் இந்த ரூம்ல படுக்கப் போறதில்ல" என்றாள் அக்கா.

அப்படியானால் வேறு எந்த ரூம் என்று பிளானைப் பார்த்தான் அவன். அவள் கடிதத்தைப் பற்றிச் சொன்னாள். முன்னால் வந்த இரண்டு கடிதங்களைப் பற்றியும் சொன்னாள். திங்கட்கிழமை சம்மதம் என்று எழுதிக் கொடுக்கப் போவதாகவும், அடுத்த மாதம் முதல் தேதி அங்கே சேர வேண்டும் என்றும் சொன்னாள். சொல்லி முடித்த பிறகு, இனி அவர்கள் கேட்கட்டும் என்று காத்திருந்தாள். அது எந்த ஊர், வீடு எப்படி, கடல் தெரியுமா, தனியாக இருந்துகொள்வாயா, ஏதாவது ஒன்று.

"அப்ப அப்பாவ யாரு பாத்துப்பா?" என்றான் தம்பி.

அவன் கெட்டவன் இல்லை. முகம் வெளிறிப்போய், தொலைந்து போன குழந்தை மாதிரிதான் நின்றான். ஆனால் அவன் வாயில் முதலில் வந்தது அதுதான். பகலுக்கு ஒரு நர்ஸம்மாவிடம் பேசியிருப்பதாகச் சொன்னாள். காலையும் ராத்திரியும் என்ன செய்வது என்று கேட்டான். பிறகு அவனுக்கு ஒரு வழி புலப்பட்டுவிட்டது, முகம் தெளிந்தது.

"சரி, அப்ப நாங்க கீழ வந்துடறோம்" என்றான். மனைவியின் பக்கம் திரும்பினான். "நீ கடைக்குப் போறத நிறுத்திக்க வேண்டியதுதான். வேற என்ன பண்றது?"

அவள் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய டம்ளரையே மறுபடியும் கழுவினாள். அந்த முகம் அக்காவுக்குத் தெரியும். கண்ணாடியில் இருபத்திரண்டு வருஷம் பார்த்த முகம்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிற வழியில் அந்த மூன்று கதவுக்குள் இன்னொருத்தியைத் தள்ளிவிட்டுப் போகிறோம் என்று அவளுக்கு உறைத்தது. 'வேண்டாம்ப்பா, நானே இருந்துக்கறேன்' என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வந்து பழகிய வார்த்தை அது. அதைச் சொல்லிவிட்டால் இந்த நிமிஷமே எல்லோரும் சிரித்துவிடுவார்கள், டீ மறுபடி சூடாகிவிடும்.

"அவ கடைக்குப் போகட்டும்" என்றாள். "நீ பாத்துக்கோ. உனக்கும் அப்பாதானே."

"நானா? எனக்கு என்னக்கா தெரியும்? எப்படித் தூக்கறது, எந்த மாத்திரை எப்போ... எனக்கு ஒண்ணுமே தெரியாதே."

"எனக்கும் தெரியாமத்தான் இருந்துச்சு."

மேஸ்திரி பென்சிலைக் காதிலிருந்து எடுப்பதும் செருகுவதுமாக இருந்தார். இந்த மாதிரி நேரத்தில் கூலிக்கு வந்த மனுஷன் எங்கே பார்ப்பது? தன் நூலைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"பாப்பா" என்று அப்பா கூப்பிட்டார். அவருக்கு இந்த வயதிலும் அவள்தான் பாப்பா. அங்கே பேசியது அவர் காதில் விழுந்ததா இல்லையா, தெரியாது.

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அவள் வலது கால் தானாகவே கிளம்பியது. அதைப் பிடித்து நிறுத்துவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அப்பா இரண்டாவது முறை கூப்பிட்டார். தம்பி அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கண்ணில் கெஞ்சல் இருந்தது. மூன்றாவது முறை கூப்பிட்டபோது, கோடுகளையெல்லாம் மிதித்துக்கொண்டு அவன் ஓடினான்.

குனிந்து கேட்டான். நிமிர்ந்து இங்கே பார்த்துச் சத்தமாகச் சொன்னான்.

"மூஞ்சில வெயில் அடிக்குதாம். நாற்காலிய எந்தப் பக்கம் திருப்பணும்க்கா?"

எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியும். திருப்புவதற்கு முன்னால் அந்த இடது கையை எடுத்து மடியில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தொங்கி நாற்காலிக் காலில் நசுங்கும் என்பதும் தெரியும்.

"பாத்துத் திருப்பு" என்றாள்.

அவன் நாற்காலியை முதுகுப் பக்கமாகப் பிடித்து இழுத்தான். அப்பாவின் இடது கை நழுவிக் கீழே தொங்கியது. அக்கா பதறிப்போய் முன்னால் பாய்ந்தாள். தம்பி மனைவியின் ஈரக் கை அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

"விடுங்க அண்ணி" என்றாள் அவள் மெதுவாக. "அவரே பாக்கட்டும்."

அங்கே அப்பா தன் வலது கையால் இடது கையைச் சுட்டிக்காட்டினார். தம்பி புரியாமல் முழித்தான். அவர் மறுபடியும் காட்டினார். அவன் குனிந்து, கண்ணாடிப் பாத்திரத்தை எடுக்கிற மாதிரி அந்தக் கையைத் தூக்கி மடியில் வைத்தான். நாற்காலியைத் திருப்பினான். அப்பா சரி என்று தலையை ஆட்டினார். எல்லாம் சேர்ந்து ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

இவ்வளவுதானா, இதற்கா இருபத்திரண்டு வருஷம் என்று நினைத்தபோதுதான் அக்காவுக்கு அழுகை வந்தது.